குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு உண்டு

தாக்குதலில் காயமடைந்தவரும் அவர்தம் குடும்பத்தாரும் முதல் நாளிலிருந்தே அறிந்திருக்க வேண்டியவை

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு அருகில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்திவரும் அம்மையார் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். மாவுப் பாத்திரத்துடன் கடைக்கு நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியைப் பற்றி இழுத்திருக்கின்றனர். சங்கிலி அறுந்தது, அம்மையார் வலக்கையை ஊன்றியபடி சாலையில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தது. தகடு பொருத்தி அறுவை சிகிச்சை செய்தோம். எலும்பு கூடியது. ஆனால், இட்லித் தட்டைத் தூக்கிக் கவிழ்க்கும் வலிமை அந்தக் கைக்கு முழுவதும் திரும்பவில்லை.

தையல் பிரிக்கும் நாளில் அவருடைய மகன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: “பறித்தவன் யாரென்றே தெரியவில்லை டாக்டர். போலீசும் கிடைக்கவில்லை என்கிறார்கள். அம்மாவுக்குக் கடையும் போயிற்று, கையும் போயிற்று. இதை யாரிடம் போய்க் கேட்பது?”

அன்று எங்களிடம் தெளிவான விடை இல்லை. ‘காவல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்பினோம். அது போதாத விடை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். விடை சட்டத்திலேயே இருந்தது. அதை அறிந்திருந்தால் முதல் நாளிலேயே நாங்கள் செய்திருக்க வேண்டிய சில பணிகளும் இருந்தன. அந்த விடையை இக்கட்டுரையில் நம் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் முறையாக எடுத்துரைக்க விழைகிறோம்.

சட்டம் தரும் உரிமை

குற்றத்தால் ஒருவர் காயமுற்றால், குற்றவாளியைத் தண்டிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. காயமுற்றவர் மீண்டும் எழுந்து நிற்க உதவுவதும் அரசின் கடமையே என்னும் கருத்து, உலகில் 1960களில் சட்ட வடிவம் பெற்றது. நியூசிலாந்து 1963இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1964இல் பிரிட்டனும், 1965இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமும் அவ்வழியே திட்டங்களைத் தொடங்கின. 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளை அறிவித்தது.

இந்தக் கருத்து இந்தியாவில் வேரூன்றியதில் நம் நகருக்கும் பங்குண்டு. சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையை மையமாகக் கொண்டு 1992இல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் கு. சொக்கலிங்கம் அதை முன்னின்று நடத்தினார். நாடு முழுவதற்குமான சட்டம் வருவதற்கு முன்னரே, 1995இல் தமிழ்நாடு அரசு பாதிக்கப்பட்டோருக்கான உதவி நிதியை ஏற்படுத்தியது.

நாடு முழுவதற்குமான சட்டப் பிரிவு 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 357அ பிரிவாகும். அதன்படி தமிழ்நாடு அரசு 2013இல் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ நடப்பில் உள்ளது. அதில் இதே உரிமை 396ஆம் பிரிவில் தொடர்கிறது.

இப்பிரிவின் சாரத்தை நோயாளிகள் நான்கு செய்திகளாக நினைவில் கொள்ளலாம்.

முதலாவது, குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க இயலாமல் வழக்கு விசாரணையே நடைபெறாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்து வாழ்பவர்களோ மாவட்ட அல்லது மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரி விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, வழக்கு நடந்து குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என நீதிமன்றம் கருதினால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவாளி தண்டிக்கப்பட்டு, அவர் கட்டும் தொகை போதாது எனக் கருதினாலும் பரிந்துரைக்கலாம்.

மூன்றாவது, விண்ணப்பத்தைப் பெற்ற ஆணைக்குழு விசாரித்து இரண்டு மாதங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

நான்காவது, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் தரும் சான்றின் அடிப்படையில், உடனடி முதலுதவியையும் மருத்துவ வசதியையும் கட்டணமின்றி அளிக்குமாறு ஆணைக்குழு உத்தரவிடலாம்.

சிற்றுண்டிக் கடை அம்மையாரின் மகன் கேட்ட கேள்விக்கான விடை இவற்றுள் முதலாவது. சங்கிலி பறித்தவர் கிடைக்கவில்லை என்பதற்காக அவருடைய உரிமை மறைந்துவிடவில்லை. 2025 மார்ச் 25 அன்று தென்சென்னையில் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பல பெண்களிடம் நகை பறிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிகழ்வில் சந்தேகத்துக்குரியவர்கள் அன்றே பிடிபட்டனர். எல்லா வழக்குகளும் அவ்வாறு அமைவதில்லை. அமையாதவற்றுக்காகவே இந்த விதி இருக்கிறது.

அமில வீச்சு: வழிகாட்டிய வழக்கு

இழப்பீட்டுச் சட்டம் இன்றைய வலிமையைப் பெற்றதற்கு அமில வீச்சு வழக்குகள் முக்கியக் காரணம். 1992இல் சென்னையில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி வி.எஸ். சந்திரலேகா மீது அமிலம் வீசப்பட்டது தமிழகத்தையே அதிரச் செய்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2012 நவம்பரில், காரைக்காலைச் சேர்ந்த இளம் பெண் பொறியாளர் ஒருவர் முகமெங்கும் அமிலக் காயங்களோடு சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மூன்று மாதப் போராட்டத்துக்குப் பின் 2013 பிப்ரவரி 12 அன்று உயிரிழந்தார். அதே மாதத்தில் ஆதம்பாக்கத்தில் அமில வீச்சுக்கு ஆளான மற்றோர் இளம் பெண்ணும் உயிரிழந்தார்.

தில்லியில் 2005இல், பதினைந்து வயதில் தாக்கப்பட்ட லட்சுமி அகர்வால் தொடுத்த பொதுநல வழக்கில், 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் முக்கிய ஆணை பிறப்பித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு குறைந்தது 3 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும். அதில் 1 லட்சத்தை 15 நாட்களுக்குள்ளும், எஞ்சிய 2 லட்சத்தை அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளும் தர வேண்டும். 2015 ஏப்ரலில் அதே வழக்கில் பிறந்த ஆணை எங்களைப் போன்ற மருத்துவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவது. தனியார் மருத்துவமனை உட்பட எந்த மருத்துவமனையும் அமில வீச்சுக்கு ஆளானவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது. சிகிச்சை இலவசமாக அமைய வேண்டும். முதலில் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை, ‘இவர் அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்’ என்னும் சான்றிதழை வழங்க வேண்டும். பின்னாளில் வேறு மருத்துவமனைகளில் சீரமைப்பு அறுவை சிகிச்சை பெறுவதற்கு இந்தச் சான்றிதழே சாவி. அமிலக் காயத்துக்கு ஒரே அறுவை சிகிச்சை போதுவது அரிது. தோல் ஒட்டு, இமைச் சீரமைப்பு, வடு இறுக்கத்தைத் தளர்த்தல் என ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே அந்தச் சான்றிதழை உயிலைப் போலப் பாதுகாக்க வேண்டும்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கும் அமில வீச்சுக்கு ஆளானோருக்கும் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாகவும் இலவசமாகவும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது இன்று நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு. மறுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கத்திக்குத்து, அடிதடி போன்ற மற்றத் தாக்குதல்களில் தனியார் மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் விலக்கப்படுவதில்லை. எனினும் உயிர்காக்கும் முதல் சிகிச்சையை ‘முதலில் போலீசிடம் போய் வாருங்கள்’ என்று எவரும் தள்ளிப்போட இயலாது. 1989இல் பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

முதல் நாளில் எழுதப்படும் ஒரு வரி

இங்கே எங்கள் தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே குறிப்பிட்ட அம்மையார் வந்த அன்று, வலியிலும் அச்சத்திலும் இருந்த அவர், “கீழே விழுந்துவிட்டேன்” என்று மட்டுமே சொன்னார். காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரிடுமோ என்ற தயக்கம். நாங்களும் மேற்கொண்டு கேட்காமல், ‘சாலையில் தவறி விழுந்ததால் ஏற்பட்ட காயம்’ என்று விபத்துப் பதிவேட்டில் எழுதினோம். கழுத்தில் சங்கிலி அறுத்த சிவந்த கோடு இருந்தது. அதைப் பார்த்தும் பதியவில்லை. மறுநாள் மகன் காவல் நிலையத்தில் புகார் அளித்தார். பின்னர் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது எழுந்த முதல் கேள்வி, ‘மருத்துவமனைப் பதிவில் தவறி விழுந்ததாக அல்லவா உள்ளது?’ என்பதே.

பதிவேட்டில் எழுதியதைப் பின்னர் அழித்துத் திருத்த இயலாது, திருத்தவும் கூடாது. பின்னால் இழுக்கப்பட்டு முன்னோக்கி விழும்போது இத்தகைய முறிவு ஏற்படக்கூடும் என்றும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய மயக்க மருந்துப் பரிசோதனைக் குறிப்பில் கழுத்துக் காயம் பதிவாகியுள்ளது என்றும் தனியே ஒரு சான்று அளித்தோம். அச்சான்று போய்ச் சேர்ந்த பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. நல்வாய்ப்பாக மயக்க மருந்து மருத்துவர் தம் கடமையைச் செவ்வனே செய்திருந்தார். எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமையாது.

ஆகவே இதை வலியுறுத்திச் சொல்கிறோம்: தாக்குதலால் வந்த காயம் என்றால், முதல் மருத்துவரிடமே அவ்வாறு சொல்லுங்கள். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எந்தக் கருவியால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பன பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். தாக்கியவர் கணவரோ, உறவினரோ, முதலாளியோ ஆனாலும் உண்மையையே சொல்லுங்கள். உடன் வந்தவர் முன் பேச இயலாவிட்டால், “தனியாகப் பேச வேண்டும்” என்று செவிலியரிடம் சொன்னால் போதும்.

பதிவேட்டின் நகலைப் பார்க்கும் குடும்பத்தார் சிலர், “நாங்கள் சொன்னதை டாக்டர் நம்பவில்லை, ‘தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறார்” என வருந்துவதுண்டு. அது ஐயத்தின் சொல் அன்று. நிகழ்வை மருத்துவர் கண்ணால் காணவில்லை என்பதால் எல்லாப் பதிவுகளிலும் அவ்வாறே எழுதப்படும். மருத்துவர் கண்டு சொல்வது காயத்தின் நீளம், ஆழம், இடம், தன்மை ஆகியவற்றை மட்டுமே.

இரத்தம் படிந்த ஆடைகளைத் துவைத்துவிடாதீர்கள். அவற்றை உலரவிட்டுக் காகிதப் பையில் வைத்துக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரத்தால் தடயம் கெடும். காயங்களை முதல் நாளிலும், கட்டுப் பிரிக்கும் நாட்களிலும் தேதியுடன் படம் எடுத்து வைப்பதும் பயன் தரும்.

‘கொடுங்காயம்’ என்பது யாது?

வலியின் அளவை வைத்துச் சட்டம் காயத்தைப் பிரிப்பதில்லை. இழப்பின் தன்மையை வைத்தே பிரிக்கிறது. ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போதல், உறுப்பையோ மூட்டையோ இழத்தல் அல்லது அதன் ஆற்றல் நிரந்தரமாகக் குறைதல், தலையிலோ முகத்திலோ நிலையான உருச்சிதைவு, ஆண்மை இழப்பு, எலும்போ பல்லோ முறிதல் அல்லது பிசகுதல், உயிருக்கு ஆபத்து விளைவித்தல் ஆகியவை கொடுங்காயங்கள். காயத்தால் 15 நாட்கள் கடும் வலியில் இருத்தலும், அந்நாட்களில் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமற்போதலும் இதில் அடங்கும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. 2024இல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதைக் குறைத்துள்ளது.

உடைந்த ஒரு பல்லும் கொடுங்காயமே என்பதைப் பலர் அறியார். முகத்தில் அடிபட்டவர் வீக்கம் வடிந்ததும் பல் மருத்துவரைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார். செவியில் அறை வாங்கியவர் கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்வதில்லை. சில நாட்களில் தெரியவரும் இத்தகைய குறைகளை மறுபரிசோதனையின்போது சொன்னால், அவற்றையும் பரிசோதித்துக் காயச் சான்றிதழுக்கு உரிய குறிப்பாகச் சேர்க்க இயலும். அதேபோல் எத்தனை நாட்கள் வேலைக்குச் செல்ல இயலவில்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மனக் காயமும் காயமே

எலும்பு கூடிய பின்னரும் அந்தத் தெருவழியே நடக்க இயலாதவர்களைக் காண்கிறோம். மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டாலே உடல் நடுங்குதல், தூக்கமின்மை, நிகழ்வு திரும்பத் திரும்பக் கண்முன் தோன்றுதல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்துள்ள இழப்பீட்டுத் திட்டம், மறுவாழ்வு தேவைப்படும் மனக் காயத்தையும் கணக்கில் கொள்கிறது. ஆனால் அதற்கு மனநல மருத்துவரின் பதிவு வேண்டும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிச் சமாளித்துக்கொள்பவரிடம் சான்று இராது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு 2018 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் திட்டம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான குறைந்தபட்ச, அதிகபட்சத் தொகைகளை வரையறுத்துள்ளது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். அமில வீச்சால் முக உருச்சிதைவு ஏற்பட்டால் 7 முதல் 8 லட்சம். உறுப்பிழப்பால் 80 விழுக்காடு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 2 முதல் 5 லட்சம். கொடுங்காயம் அல்லது மறுவாழ்வு தேவைப்படும் மனக் காயத்துக்கு 1 முதல் 2 லட்சம். தமிழ்நாடும் பெண்களுக்கென 2018இல் தனித் திட்டத்தை அறிவித்தது. ஆண்கள் மாநிலத்தின் பொதுத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அதன் தொகைகள் வேறு.

ஒரே வகைக் காயத்துக்கும் தொகை ஒன்றாக இருப்பதில்லை. மருத்துவச் செலவு, வருமான இழப்பு, குற்றத்தின் கொடுமை, ஊனத்தின் அளவு, குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவை கருதப்படும். ஊன விழுக்காடு இங்கே பெரும் பங்கு வகிப்பதால், சிகிச்சை முடிந்து உடல்நிலை நிலைபெற்ற பின் ஊனமுற்றோர் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானோரையும் மாற்றுத்திறனாளிகளாக ஏற்றுள்ளது.

தொகை முழுவதும் உடனே கைக்கு வரும் எனவும் எண்ண வேண்டாம். தேசியத் திட்டத்தின்படி பெரும் பகுதி வங்கியில் வைப்பு நிதியாக வைக்கப்பட்டு, ஒரு பகுதியே உடனடிச் செலவுக்குத் தரப்படும். உடனடித் தேவை மிகுந்திருந்தால் இடைக்கால இழப்பீடு கோரலாம். வழக்கு நடைபெறும்போதே இடைக்கால உதவி பற்றி நீதிமன்றங்கள் கருத வேண்டும் என்று 2014இல் சுரேஷ் எதிர் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பிக்கும் வழி

முதற்படி, முதல் தகவல் அறிக்கை. புகார் கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதோடு பலர் திரும்பிவிடுகின்றனர். அது புகார் பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே. முதல் தகவல் அறிக்கை ஆகாது. அறிக்கை பதிவானால் அதன் நகலைப் புகார் அளித்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். தியாகராய நகரில் நடந்த நிகழ்வுக்கு அடையாற்றில் சிகிச்சை பெறுகிறீர்கள் என்றால், எல்லை எதுவெனப் பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அது உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். விசாரணை எந்நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை.

இரண்டாம் படி, மருத்துவ ஆவணங்கள். விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் அறிக்கைகள், மருந்து ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் திரட்டுங்கள். காயச் சான்றிதழ் பொதுவாகக் காவல்துறையின் கோரிக்கையின்பேரில் அவர்களுக்கே அனுப்பப்படும். உங்கள் சிகிச்சை ஆவணங்களை நீங்கள் எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதி. ஆதலால் ஆண்டுகள் பல கழிந்த பின் தேடி வருவதைவிட, வீடு திரும்பும்போதே பெற்றுச் செல்வது நலம்.

மூன்றாம் படி, சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாநில ஆணைக்குழு பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. சென்னை மாவட்ட ஆணைக்குழுவிடம் விண்ணப்பத்தை அளிக்கலாம். விண்ணப்பம் எழுதவும் உதவி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. ஏனையோருக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. வீட்டிலிருந்தபடியே வழிகேட்க 15100 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

விண்ணப்பத்துக்குக் கால வரம்பு உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் வழியுண்டு. ஆனால் மன்னிப்பை நம்பித் தாமதிப்பது அறிவுடைமை ஆகாது. சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல், முதல் தகவல் அறிக்கை கையில் வந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். பிந்தைய மருத்துவ ஆவணங்களைப் பின்னர் சேர்க்கலாம்.

சில தெளிவுகள்

சாலை விபத்துக்கான இழப்பீடு வேறு. அது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் பணி. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் சாலை விபத்துக்கே உரியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுக்கு உதவுவது. இழந்த வருமானத்தை அது ஈடுசெய்யாது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் தனி நிவாரணம் உண்டு. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை, வழக்கின் படிநிலைகளுக்கேற்ப வழங்க 2016ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் போக்சோ சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு ஆணையிடலாம்.

‘பணம் வாங்கினால் வழக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகுமோ?’ என்று சிலர் தயங்குகின்றனர். ஆகாது. இது எதிர்த்தரப்பு தரும் சமரசப் பணம் அன்று. அரசு நிதியத்திலிருந்து வருவது. இதைப் பெற்றபின்னும் வழக்கு நடக்கும். நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லும் கடமையும் தொடரும். மாறாக, தாக்கியவர் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாமே கட்டிவிடுவதாகச் சொல்லி, ‘தவறி விழுந்ததாக எழுதச் சொல்லுங்கள்’ என்று கேட்பதுண்டு. அதற்கு இணங்கினால் இழப்பது அன்றைய உண்மையை மட்டுமன்று, நாளைய உரிமையையும்தான். எங்களாலும் அவ்வாறு எழுத இயலாது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அந்த அம்மையாருக்குப் பின், அவசர சிகிச்சைப் பிரிவில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். ‘விழுந்துவிட்டேன்’ என்று வருபவரிடம், ‘எப்படி விழுந்தீர்கள், யாரேனும் தள்ளினார்களா, இழுத்தார்களா?’ என்று கேட்கிறோம். வலிக்கும் இடத்தை மட்டுமன்றி முழு உடலையும் பார்த்துச் சிறு கீறலையும் எழுதுகிறோம். தாக்குதல் வழக்குகளில் நோயாளி வீடு திரும்பும் நாளில், ஆவணப் பட்டியலையும் 15100 என்ற எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தருகிறோம். இவை பெரிய மாற்றங்கள் அல்ல. ஆனால் அன்றே இவற்றைச் செய்திருந்தால், ஒரு குடும்பத்தின் பல மாத அலைச்சல் குறைந்திருக்கும்.

அம்மையாருக்கு இறுதியில் இழப்பீட்டு ஆணை வந்தது. போன கையின் வலிமைக்கு அது ஈடாகாது. எனினும் மாவரைக்கவும் பாத்திரம் தூக்கவும் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்திக்கொண்டு கடையை மீண்டும் திறக்க அது போதுமானதாக இருந்தது. மறுபரிசோதனைக்கு வந்தவர், தகடு உள்ள மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு, “இன்னும் கொஞ்சம் வளைகிறது பாருங்கள் டாக்டர்” என்றார். கையைப் பற்றிய எங்கள் குறிப்பை எழுதி முடித்த பின், இம்முறை ஒரு நகலை அவர் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தோம்.